ராணி நோட்டு

கடன் இருந்த காலத்தில் அப்பாசாமி அண்ணன் வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் பச்சை மீன் வாங்கினார்கள். கடன் அடைந்த மறுமாதம் அதையும் நிறுத்திவிட்டார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராது. காஜா பெராங்கில், கம்போங் செட்டியிலிருந்து வருகிற சந்து பெரிய ரோட்டில் முட்டும் இடத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவன் நான். அந்த வீட்டுக்கு அரிசி நிறுத்ததும் கருவாடு வெட்டிக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

அண்ணனுக்கு முனிசிபலில் லொங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், கழுவுகிற வேலை. காலை ஆறு மணிக்கு முழங்கால்வரை தூக்கிக் கட்டிய கைலியும் தோளில் மண்வெட்டியுமாக என் கடையைத் தாண்டிப் போவார். அவர் இறங்கிய கால்வாயில் தண்ணீர் ஓடுகிற சத்தமே வேறாக இருக்கும். அடியில் உறைந்த சேற்றைச் சுரண்டி, கரையில் குவித்து, தண்ணீர் அது பாட்டுக்குப் போகிறதா என்று ஒரு இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வார். சில நாள் செமாபோக் பக்கம் வேலை போடுவார்கள். மற்றவர்கள் பஸ் ஏறுவார்கள். இவர் நடந்துபோய் நடந்தே வருவார். வந்ததும் பஸ்ஸுக்குக் கொடுத்திருக்க வேண்டிய காசைத் தகர டப்பாவில் போட்டுவிடுவார். பஸ்ஸில் போயிருந்தால் செலவாகியிருக்குமே, அந்தக் காசு அவருடையது இல்லையாம்.

அவர் மனைவி சாரதாம்பாள் அக்கா மசாலை இடித்துக் கொடுப்பவர். செட்டி வீடுகளில் கடைத்தூள் செல்லாது. மல்லியும் மிளகாயும் சோம்பும் தனித்தனியாக வறுத்து, உலக்கையால் இடித்து, சலித்துக் கொடுக்க வேண்டும். மிளகாய் இடித்த நாளில் அக்காவின் கை இரண்டும் எரியும். தேங்காய்ப்பால் தடவினால் அடங்கும். அக்கா பாலைக் குழம்புக்கு ஊற்றிவிட்டு, மூன்று தடவை பிழிந்த சக்கையைக் கையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"எரிச்சல் போகுதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போவுற மாரி நெனச்சிக்கிட்டாப் போவுது தம்பி," என்றார்.

கடன் கதை ஊருக்கே தெரியும். ஜப்பான்காரன் போன நாலாவது வருஷம், அண்ணனின் அப்பா நெஞ்சு நோயில் படுத்தபோது, ஜாலான் பெண்டஹாராவில் ஒரு வட்டிக்கடையில் முந்நூறு வெள்ளி வாங்கினார். அப்பா பிழைக்கவில்லை. கடன் பிழைத்துக்கொண்டது. மாதாமாதம் ஏழாம் தேதி பதினாறு வெள்ளி கொண்டுபோய்க் கட்டினார். வட்டிக்குப் போனது எவ்வளவு, முதலில் கழிந்தது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வராது. பெருநாள் என்று பார்க்கவில்லை, காய்ச்சல் என்று பார்க்கவில்லை, பன்னிரண்டு வருஷம் கட்டினார். அறுபதாம் வருஷக் கடைசியில் கடைக்காரர் அவர் கண் முன்னாலேயே பத்திரத்தைக் கிழித்துக் கொடுத்தார். அந்தத் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டு, அந்த நெருப்பில் கோப்பி போடச் சொல்லிக் குடித்தாராம். அதுதான் அவர்கள் வீட்டில் நடந்த ஒரே விருந்து.

அடுத்த ஏழாம் தேதி வந்தது. காலையில் எழுந்தவர் பழக்கத்தில் பதினாறு வெள்ளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவரை நடந்து போய்விட்டார். வட்டிக்கடை வாசலுக்குப் போன பிறகுதான் கட்ட ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் வந்ததாம். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னார்: "இந்தப் பதினாறு வெள்ளி இல்லாமத்தான் நம்ம வயிறு பன்னெண்டு வருசம் ஓடியிருக்கு. இன்னமும் ஓடும். இத நம்ம பேருக்குக் கட்டுவோம்."

அப்படிப் பிறந்ததுதான் டப்பா. பிஸ்கட் வந்த சதுர டப்பா, என் கடையில் இருந்து போனது. ஒவ்வொரு ஏழாம் தேதியும் அதில் பதினாறு வெள்ளி. கையில் குறைந்த மாதம் அதை நிரப்பப் பஸ் காசு, மீன் காசு, தீபாவளிப் புடவைக் காசு. வீட்டுக்காரர் விலை சொல்வதற்கு முன்பே எதற்காகச் சேர்க்கிறார்கள் என்பது முடிவாகியிருந்தது. அவர்கள் குடியிருந்த பலகை வீட்டை அடிமனையோடு வாங்குவது. அது கிடைக்கிறவரை வயிற்றைக் கட்டுவது.

போஸ்டாபீசில் போடச் சொன்னேன். தாளில் கைநாட்டு வைக்கச் சொல்வார்களே என்றார்.

"சம்பளத்துக்கு மாசாமாசம் கைநாட்டு வெக்கிறீங்களே அண்ணே?"

"அது வாங்குறதுக்கு வெக்கிறது தம்பி. குடுக்குறதுக்கு நான் ஒருக்கா வெச்சிருக்கேன். போதும்."

வாதாடிப் பிரயோசனம் இல்லை. மனிதர் அன்பானவர். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உடும்பும் தோற்றுப்போகும்.

வீடு சின்னப்பா பிள்ளையுடையது. கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிய குடும்பம், துறைமுக ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஆனால் தமிழில் சாமி பேரும் பலகாரப் பேரும் தவிர வராது. மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய்தான். அறுபத்தேழாம் வருஷம் அவர் மகள் கல்யாணம் தை மாதத்துக்கு நிச்சயமானது. வீட்டை விற்கப்போகிறேன், ஆயிரத்து நானூறு வெள்ளி, வருஷம் முடிவதற்குள் வேண்டும் என்றார். பலகைக் கிட்டங்கிச் சீனர் ஒருவர் ஆயிரத்து எழுநூறு தருவதாகச் சொல்லியிருந்தார். வாங்கினால் அடுத்த வாரமே இடித்துவிட்டு மரம் அடுக்குவார். சின்னப்பா பிள்ளை அதை மறைக்கவில்லை. "நீ பதினாலு வருஷம் குடியிருக்கிறவன், முதலில் உன்னைத்தான் கேட்பேன்," என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல ஒரு மனது வேண்டும்.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்கு வந்து ஒரு கைப்பிடி நொய்யரிசி கொசுறு கேட்டார். அவர் எதையும் கொசுறு கேட்பவர் இல்லை.

"கோழிக்குத் தம்பி. அந்தப் பெட்டக் கோழி இருக்குல்ல, முட்ட வுடுறத நிறுத்திருச்சி. அவரு வித்துறச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். வீடு நம்மளுதுன்னு ஆன அன்னிக்கு அத அடிச்சிக் கொழம்பு வெப்பேன். மல்லியெல்லாம் நானே இடிச்சி. ஊருக்கெல்லாம் இடிச்சிக் குடுத்தேன், எங்க வீட்டுக்கு இடிச்சே வருசமாச்சி. ஒனக்கும் ஒரு கிண்ணம் உண்டு."

கோழிக்கு இரண்டு கைப்பிடி போட்டேன்.

அந்த வருஷம் ஜூன் மாதம் புது நோட்டு வந்தது. நம் அரசாங்கம் சொந்தமாக அடித்த நோட்டு, நம் ராஜா படம் போட்டது. பழைய நோட்டில் இங்கிலாந்து ராணி இருந்தாள். சிலதில் கப்பல் இருந்தது, சிலதில் எருமை உழுதது. ஆனாலும் பழையது எல்லாவற்றையும் ராணி நோட்டு என்றுதான் சொன்னோம். இரண்டும் செல்லும், இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்று வானொலியில் சொன்னார்கள். புது நோட்டு மொடமொடவென்று இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் அதை வாங்க ஆசைப்பட்டார்கள்.

ஜூலை ஏழாம் தேதி அப்பாசாமி அண்ணன் கடைக்கு வந்தார். மடியிலிருந்து பதினாறு வெள்ளி எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் புது நோட்டு.

"தம்பி, இத வெச்சிக்கிட்டு ராணி நோட்டாக் குடு."

"எதுக்குண்ணே? ரெண்டும் ஒண்ணுதானே. கெவர்மெண்டே சொல்லிருச்சி."

"ஜப்பான்காரனும் அப்பிடித்தான் சொன்னான்."

சிரிக்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"எங்கப்பா ஜப்பான் காலத்துல மாடு வித்தாரு," என்றார். "ரெண்டு பசு. வாழமரம் போட்ட நோட்டாக் குடுத்தானுங்க. பழைய நோட்டு வெச்சிருந்தா தலைய வெட்டுவான்னு பயந்து, இருந்ததையும் மாத்திக்கிட்டாரு. ஒரு சாக்கு நெறையா நோட்டு, தம்பி. வெள்ளக்காரன் திரும்பி வந்தான். ஒரே நாள்ல அத்தனையும் குப்ப. நான் அத வெச்சி அடுப்புப் பத்த வெச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன் வெள்ளக்காரன் நோட்ட மண்ணுல பொதைச்சி வெச்சிருந்தான். அவன் தோண்டி எடுத்தான், செல்லுச்சி. எங்கப்பா படுத்தப்ப மருந்துக்குக் காசில்லாம நான் கைநாட்டு வெச்சேன். எல்லாம் அந்த நோட்டால."

"அது சண்ட காலம்ணே. இது நம்ம ஆளுங்க அடிச்ச நோட்டு."

"நல்ல நோட்டுத்தான், நான் கொற சொல்லல. ஆனா கடன அடைச்சது ராணி நோட்டுல. அத வாங்கிக்கிட்டுத்தான் அந்த ஆளு பத்திரத்தக் கிழிச்சாரு. அது என்னென்னு எனக்குத் தெரியும். இது இன்னும் தெரியாது."

எனக்கென்ன, கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே கொடுத்தேன். என் பெட்டியில் இருந்த ராணி நோட்டுகள் நைந்து, ஓரம் கிழிந்து, மீன் வாடை அடித்தன. அவற்றைத் தள்ளிவிட்டுப் புது நோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஆகஸ்டில் வந்தார், செப்டம்பரில் வந்தார், அக்டோபரில், நவம்பரில். ஐந்து பதினாறு எண்பது வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நோட்டைப் பிடித்து, ராணியின் முகத்தைப் பார்த்து, கட்டை விரலால் தடவி மடித்து வைத்துக்கொள்வார்.

தீபாவளியன்று காலையில் என் மனைவி கொடுத்த அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழை பிடித்திருந்தது. அண்ணன் துவைத்த பழைய சட்டை போட்டிருந்தார். அக்காவின் புடவையும் புதிதில்லை. அடுப்பில் கருவாட்டுத் தலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்த சற்று நேரத்தில் சின்னப்பா பிள்ளையும் குடையோடு வந்தார், தீபாவளி பார்த்துவிட்டுப் போக.

பேச்சு பணத்தில் வந்து நின்றது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். ஆயிரத்து முந்நூற்று இருபது, இந்த மாசம் பதினாறு வைக்கணும், அப்புறம் மசாலைக் கூலி இருபத்துநாலு என்று அண்ணன் விரல் விட்டு எண்ணினார். ஆக ஏழாம் தேதிக்கு ஆயிரத்து முந்நூற்று அறுபது ஆகிவிடும். நாற்பது குறையும். மாதக் கடைசிச் சம்பளமும், மழையில் வேலை செய்த கூடுதல் கூலியும் வந்தால் சரியாகிவிடும்.

சின்னப்பா பிள்ளை சிரித்தார். "தக் அப்பா லா, சாமி. நந்தி காசி." பரவாயில்லை, பிறகு கொடு என்று அர்த்தம். ஏழாம் தேதி இருப்பதைக் கொடுத்துவிடு, மறுநாளே வக்கீலிடம் போய் எழுதிவிடலாம், நாற்பது வெள்ளிக்கு நான் என்ன ஓடியா போகப்போகிறேன் என்று மலாயில் சொன்னார்.

அண்ணன் தலையை ஆட்டினார். "அப்பிடின்னா அது ஊத்தாங், பிள்ளே."

ஊத்தாங் என்றால் கடன்.

"இதெல்லாம் ஊத்தாங்கா?" சின்னப்பா பிள்ளை மலாயில் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மூணு வாரம்!"

"ஒரு நாளா இருந்தாலும் ஊத்தாங் ஊத்தாங்தான். எனக்கு வேணாம்."

அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். நான் பார்த்து அவர் ஆண்கள் பேச்சில் குறுக்கே வந்தது அதுதான் முதல் தடவை. "மீதிய அவரே இப்பக் கேக்கல, இருக்கறதக் குடுத்துருங்களேன். வீட்ட எழுதிக்கிட்டு ஒக்காந்து குடுப்போம்."

"சொந்த வீட்டுல கடங்காரனா ஒக்காரச் சொல்றியா?"

"நாப்பது வெள்ளிங்க."

"முந்நூறு வெள்ளியும் இப்பிடித்தான் சாரதா சின்னதா இருந்திச்சி."

அக்கா அடுப்படிக்கே திரும்பிப் போனார். சின்னப்பா பிள்ளை ஒரு அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, சரி, டிசம்பர் முதல் தேதி வருகிறேன் என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம், "நல்லவன்; ஆனால் பயந்தவன்," என்று மெதுவாகச் சொன்னார். நான் நினைத்தால் அன்று இன்னும் நாலு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். பண்டிகை நாளில் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தச் செய்தி வந்தது. இங்கிலாந்தில் அவர்கள் காசின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். ராணி நோட்டு அந்தக் காசோடு கட்டப்பட்டது, அதனால் அதுவும் குறைந்துபோனது. ஒரு வெள்ளிக்கு இனிமேல் எண்பத்தைந்து காசுதான். ராஜா நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வானொலிப் பெட்டிக்கு முன்னால் நின்று இதை இரண்டு தடவை கேட்டேன். முதலில் என் கல்லாப்பெட்டியைத்தான் நினைத்தேன். மனிதன் அப்படித்தான். பெட்டியில் பெரும்பாலும் ராஜா நோட்டு. யார் கொண்டுவந்து போட்டது என்று அதற்குப் பிறகுதான் நெஞ்சில் உறைத்தது.

திங்கட்கிழமை காலையில் எல்லாக் கடையிலும் சண்டை. பஸ்ஸில் சண்டை, மீன் மார்க்கெட்டில் சண்டை. மொத்தக் கடைக்காரன் என்னிடம் பழைய நோட்டை எண்பத்தைந்துக்குத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டான். நானும் ஒரு அட்டையில் அதையே எழுதி வாசலில் தொங்கவிட்டேன். வேறு வழி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது மணிவாக்கில் அக்கா வந்தார். படிக்கத் தெரியாதவர், அட்டையைப் பார்க்கவில்லை. ஈரச் சாக்கைத் தலையில் போட்டிருந்தார்.

"கால் காத்தி வத்தல் மொளகா குடு தம்பி. வெயிலே இல்ல, எங்கிட்ட இருந்ததெல்லாம் பூத்துப்போச்சி." ஒரு ராணி நோட்டை நீட்டினார்.

நான் மிளகாயை நிறுத்தேன். மீதிச் சில்லறை கொடுக்க வேண்டும். கல்லாவைத் திறந்து, மறுபடி மூடினேன்.

"அக்கா, இந்த நோட்டு இப்ப எம்பத்தஞ்சி காசு."

"யாரு சொன்னா?"

"கெவர்மெண்டு சொல்லிருச்சிக்கா. நேத்து ராத்திரி."

"ஒங்கடையில மட்டுமா?"

"எல்லாக் கடையிலயும்."

"இது கிழியலயே தம்பி. நல்லாப் பாரு. எங்கயும் கிழியல." நோட்டை விரித்து இரண்டு பக்கமும் காட்டினார்.

"கிழியலக்கா. எல்லா ராணி நோட்டுக்கும் அப்பிடித்தான்."

அக்கா நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் மனதுக்குள் டப்பா திறப்பது எனக்குத் தெரிந்தது. "டப்பாவுல இருக்கறதுக்குமா?" என்றார். பிறகு, "அது நாங்க வெளியவே எடுக்கலயே தம்பி. யாரும் தொடக்கூட இல்லையே," என்றார்.

அக்கா மிளகாய்ப் பொட்டலத்தை விட்டுவிட்டு, சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, சில்லறையையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அன்று இடித்துக் கொடுக்க வேண்டிய வீடு இருந்தது.

அண்ணன் அன்று வேலை முடிந்து என் கடைக்குத்தான் வந்தார். கால் முழுக்கச் சேறு. நான் அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"திரும்ப ஏத்துவாங்களா தம்பி?"

"தெரியலண்ணே. பினாங்குல கடையெல்லாம் அடைக்கச் சொல்லிப் பேச்சு நடக்குதாம். ஏதாச்சும் செய்வாங்க."

அந்த "ஏதாச்சும்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் காத்திருந்தார். பினாங்கில் கடையடைப்பு கலவரமாகி, ஊரடங்கு போட்டார்கள். நோட்டு ஏறவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் மண்வெட்டியைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, இன்று என்ன சொன்னார்கள் என்று கேட்பார். நான் பேப்பரைப் படித்துக் காட்டுவேன். ஒருநாள் அவர் கேட்டார்: "வெள்ளக்காரன் அவன் ஊருல செலவு அதிகமாப் பண்ணிட்டானா?"

"அப்பிடித்தான் சொல்றாங்கண்ணே. அவங்களுக்குக் கடனாம்."

"கடனா?" என்றார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். "நான் பச்ச மீனு திங்கலியே தம்பி," என்றார்.

நவம்பர் கடைசியில், இனி காத்திருப்பதில் பயனில்லை என்று டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு பாங்குக்குப் போனார். நானும் கூடப் போனேன். வரிசை ரோடுவரை நின்றது. மழையில் நனைந்த ஆட்கள், மடியிலும் தலையணை உறையிலும் பணம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் மரியாதையாகத்தான் எண்ணினான். ஆயிரத்து முந்நூற்று அறுபதை உள்ளே இழுத்துக்கொண்டு ஆயிரத்து நூற்று ஐம்பத்தாறை வெளியே தள்ளினான். அண்ணன் ஒருமுறை எண்ணினார், மறுபடி எண்ணினார். "சரிதான்," என்றார். சண்டை போட ஆள் யாரும் இல்லை. பையனைத் திட்ட முடியுமா, ராணியைத் திட்ட முடியுமா?

திரும்பி வரும் வழியில், பாலத்தருகே நிறுத்தி, என் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த பன்னிரண்டு வெள்ளியை நீட்டினேன்.

"என்னாது?"

"நீங்க மாத்துன எம்பது வெள்ளி. நீங்க மாத்தலன்னா அந்த நட்டம் எனக்கு வந்திருக்கும்ணே. இது ஒங்க காசு."

"நீயா வந்து மாத்திக்கச் சொன்ன? நான்தான கேட்டேன்."

"இருந்தாலும்ணே..."

"வேணாம் தம்பி. வாங்கிட்டா, அப்புறம் ஒங்கடைக்கு வர்றப்பல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். நிறுத்துப் போட்ட அரிசியக்கூடச் சரியாப் பாக்க வராது."

மறுபடி நீட்டினேன். கையைத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இந்த மனிதரை என்னதான் செய்வது? எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் நடந்தேன்.

டிசம்பர் முதல் தேதி சின்னப்பா பிள்ளை வந்தார். மாதச் சம்பளமும் கூடுதல் கூலியும் சேர்த்து நாற்பது வெள்ளி புது நோட்டாக வந்திருந்தது. சொன்னபடியே வந்திருந்தது. மொத்தம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு. குறைவது இருநூற்று நாலு. சின்னப்பா பிள்ளைக்கு முகம் வாடிப்போனது. தனியாக இருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் வீட்டில் அவர் அக்காளுக்கும் பங்கு உண்டு. அவள் மரக்கிட்டங்கிச் சீனருக்கே கொடுத்துவிடச் சொல்கிறாளாம். தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தால், மாதம் பத்து வெள்ளியாக மீதியைக் கட்டலாம், வட்டி வேண்டாம். இல்லை என்றால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே போவார்கள்? அந்த வட்டாரத்தில் அவர்கள் கொடுத்துவந்த பன்னிரண்டு வெள்ளி வாடகைக்கு மாட்டுக்கொட்டாய்கூடக் கிடையாது.

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அக்கா உரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எழுது தம்பி."

நான்தான் எழுதினேன். மேலே தமிழில், கீழே ரூமி என்கிற இங்கிலீஷ் எழுத்தில் மலாயில். பத்துக் காசு முத்திரை ஒட்டினேன். கடையிலிருந்து மைப்பெட்டி கொண்டுவந்தேன். அவர் இடது கையை நீட்டினார். லொங்காங் தண்ணீரில் ஊறி ஊறிக் கட்டை விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் அதைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் வைத்தேன். விரலின் ஈரத்தில் மை பரவி ரேகை கலைந்துவிட்டது. மறுபடி வைக்க வேண்டியிருந்தது. அதற்கும் விரலைக் கொடுத்தார்.

பிறகு சின்னப்பா பிள்ளையிடம் கேட்டார்: "அபிஸ் பாயா, கோயாக்?" கட்டி முடித்தால் கிழித்துவிடுவீர்களா என்று.

"கோயாக் லா, சாமி," என்றார் அவர். "கோயாக்."

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அவர் போனதும் அண்ணன் கொல்லைக்குப் போய் விரலைக் கழுவினார். மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தால் உடனே போகும் என்றேன். மண்ணெண்ணெய் எதற்கு வீணாக, இரண்டு நாள் சேற்றில் இறங்கினால் தானாகப் போய்விடும் என்றார். நான் ஏதாவது நல்லது பேச வேண்டும் என்று, புத்தியில்லாமல் அக்காவிடம் சொன்னேன்: "வீடு ஒங்க பேருக்கு வந்திரும்க்கா. கோழி அடிச்சிர வேண்டியதுதான்."

அக்கா சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். "நம்மளுது ஆவட்டும் தம்பி," என்றார்.

ஜனவரி பிறந்தது. கம்போங் செட்டியில் போகிக்கு முன்னோர் படையல் போட மசாலை இடிக்கச் சொல்லி அக்காவுக்கு ஆள்மேல் ஆள். ஏழாம் தேதி காலை, கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். கை இரண்டும் சிவந்திருந்தது. கக்கத்தில் கால் கட்டிய கோழி.

"பசியாறிட்டியா தம்பி? இத எடுத்துக்க."

"என்னக்கா இது?"

"மொதத் தவண இன்னிக்கு. ஏழாம் தேதியே வெச்சிக்கச் சொல்லி இவரு கேட்டுக்கிட்டாரு. எங்கிட்ட ஏழு வெள்ளி சேந்திருக்கு. இதுக்கு மூணு வெள்ளி போட்டா சரியாப் பூடும். அவரு சம்பளத்துல கை வெக்க வேணாம். அத டப்பாவுல போடட்டும்."

இன்னுமா டப்பா என்று கேட்க வாய் வந்தது. கோழியை வாங்கி மூட்டை மேல் வைத்தேன். கல்லாவைத் திறந்து ஒரு பத்து வெள்ளியும் ஒரு ஐந்து வெள்ளியும் எடுத்து அவர் கையில் வைத்தேன். பேசாமல் போய்விடுவார், கவனிக்க மாட்டார் என்று ஒரு நப்பாசை.

அக்கா பார்த்தார். "கோழி மூணு வெள்ளி தம்பி."

"பெரிய கோழிக்கா."

"கெழட்டுக் கோழி. மூணுக்கே நீ யோசிக்கணும்." இரண்டு நோட்டையும் மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். கோபமாக இல்லை, பிள்ளையிடம் பொம்மையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரித் தள்ளினார். அவருக்கு அந்தப் பன்னிரண்டு வெள்ளியின் கதை தெரிந்திருந்தது.

நான் மூன்று ஒற்றை வெள்ளி நோட்டு எடுத்துக் கொடுத்தேன். அக்கா அவற்றை மடிக்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்குப் போய், மிளகாய் எரிகிற விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டி, படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"எல்லாம் ராஜா நோட்டுத்தான தம்பி?"